விண்டோஸ் 98 எஸ்இ: டிரைவர்களை எந்த வரிசையில் ஏற்றுவது, எங்கே சிக்கும், எப்படி மீட்பது

விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனில் ஒரு கார்டு வேலை செய்யாவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது டிரைவர் ஃபைலை. ஃபைல் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதை எப்போது ஏற்றினோம், அதற்கு முன் எது ஏறியிருந்தது, கார்டுக்கு வேண்டிய ஐஆர்க்யூ (கருவி செயலியைக் கூப்பிடப் பயன்படுத்தும் எண்ணிட்ட சமிக்ஞைத் தடம்) அந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்பதில்தான் காரியம் கெடுகிறது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2003 வாக்கு வரை வந்த மதர்போர்டுகளில் 98 எஸ்இ-யைப் புதிதாக நிறுவுகிறவர்களுக்கானது இந்தக் குறிப்பு.

முதலில் டிரைவர் எந்த வகை என்று பாருங்கள்

98-க்குள் மூன்று தலைமுறை டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஓடும். பூட்டின்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைல் வழியாக ஏறும் ரியல் மோடு டிரைவர்கள் டாஸ் காலத்தவை. விஎக்ஸ்டி என்பவை விண்டோஸ் 95-இன் சொந்த டிரைவர்கள். டபிள்யூடிஎம் என்பவை 98-உம் 2000-உம் பொதுவாகப் பயன்படுத்துவதற்காக வந்தவை. எது எந்த வகை என்பதை ஃபைல் கிடக்கும் இடமே சொல்லிவிடும். விஎக்ஸ்டி ஃபைல்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும். ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலருக்கான பிடிஆர் ஃபைல்கள் அதற்குள்ளேயே ஐஓஎஸ்சப்சிஸ் ஃபோல்டரில் இருக்கும். டபிள்யூடிஎம் டிரைவர்களின் சிஸ் ஃபைல்கள் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் இருக்கும்.

இது வெறும் வகைப்பாடு அல்ல. ரியல் மோடு டிஸ்க் டிரைவர் ஒன்று கான்ஃபிக்.சிஸ்-இல் மிச்சமிருந்து, அதை அகற்றிவிட்டுத் தன் டிரைவரை வைப்பது பாதுகாப்பா என்று விண்டோஸுக்குத் தெரியாவிட்டால், அது ஒதுங்கி நின்றுவிடும். டிஸ்க் முழுக்க டாஸ் வழியாக ஓடும். எல்லாமே இழுத்துக்கொண்டு போகும். கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் டேபைப் பாருங்கள். "எம்எஸ்-டாஸ் கம்பேட்டிபிலிட்டி மோடு" என்ற சொல் தென்பட்டால் இதுதான் நடந்திருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டரில் ஐஓஎஸ்.லாக் என்ற ஃபைல் உருவாகியிருந்தால் அதன் தொடக்க வரிகளில் எந்த டிரைவர் தடுக்கிறது என்று எழுதியிருக்கும். எம்பிஆர்இன்ட்13.சிஸ் என்ற பெயர் வந்தால் அது டிரைவர் ஃபைலே அல்ல. மாஸ்டர் பூட் ரெக்கார்டில் ஒரு வைரஸோ, பெரிய டிஸ்க்கைப் பழைய பயாஸுக்குக் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) காட்டுவதற்கான ஓவர்லே மென்பொருளோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முதலாவது என்றால் சுத்தப்படுத்தலாம். இரண்டாவதை டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றாமல் அழிக்கக் கூடாது. அழித்தால் பார்ட்டிஷன்களே தெரியாமல் போகும்.

இந்த இரண்டும் இல்லாமலே கம்பேட்டிபிலிட்டி மோடு வந்தால், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) எச்கேஇஒய் லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், விஎக்ஸ்டி, ஐஓஎஸ் என்று இறங்கிப் பாருங்கள். அங்கே நோஐடிஇ என்ற பெயரில் ஒரு வேல்யூ இருக்கும். ஒருமுறை ஐடிஇ (ஹார்டு டிஸ்க்கும் சிடி டிரைவும் இணையும் வழி) டிரைவர் தொடங்கத் தவறினால் விண்டோஸ் அதை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த முறையிலிருந்து முயற்சியே செய்யாது. மூல காரணத்தைச் சரிசெய்த பிறகு அந்த வேல்யூவை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பயாஸில் தொட வேண்டியவை

கணினியில் மொத்தம் 16 ஐஆர்க்யூ எண்கள், 0 முதல் 15 வரை. 0 டைமருக்கு, 1 கீபோர்டுக்கு. 2 என்பது இரண்டாவது 8259 கன்ட்ரோலரை இணைக்கவே போய்விடும். 3-உம் 4-உம் சீரியல் போர்ட்டுகள், 6 ஃப்ளாப்பி, 7 பிரின்டர் போர்ட், 8 கடிகாரம், 12 பிஎஸ்/2 மவுஸ், 13 கணிதக் கோப்ராசசர், 14-உம் 15-உம் ஐடிஇ. மிஞ்சுவது 5, 9, 10, 11 ஆகிய நான்குதான். ஏசிபிஐ (மின்சார மேலாண்மை முறை) இயங்கும் போர்டுகளில் 9-உம் பெரும்பாலும் அதற்கே போய்விடும். கிராஃபிக்ஸ், சவுண்டு, லேன், யுஎஸ்பி எல்லாம் இந்தச் சிறிய இடத்துக்குள் அடங்க வேண்டும்.

அதனால் பயன்படுத்தாததை முதலிலேயே பயாஸில் அணைத்துவிடுங்கள். இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்தால் 3 கிடைக்கும். பிரின்டர் போர்ட்டை அணைத்தால் 7 கிடைக்கும். போர்டிலேயே இருக்கும் சவுண்டு சிப் வேண்டாம் என்றால் அதையும் இங்கேயே அணைக்க வேண்டும். விண்டோஸுக்குள் போய் "டிசேபிள்" செய்வதைவிட இது சுத்தமான வழி.

"பிஎன்பி ஓஎஸ் இன்ஸ்டால்டு" (கார்டுகளைத் தானே அமைத்துக்கொள்ளும் ஓஎஸ் உள்ளதா) என்ற அமைப்பை "நோ" என்று வையுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. "எஸ்" என்று வைத்தால் பூட் செய்யத் தேவையான கருவிகளுக்கு மட்டும் பயாஸ் ஐஆர்க்யூ ஒதுக்கிவிட்டு மற்றதை விண்டோஸிடம் விட்டுவிடும். விண்டோஸ் அதைச் செய்யும்தான். ஆனால் நீங்கள் டாஸ் மோடுக்குப் போகும்போது சில கார்டுகள் எந்த ஒதுக்கீடும் இல்லாமல் நிற்கும். கார்டை மாற்றினாலோ வேறு ஸ்லாட்டில் செருகினாலோ "ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா" என்பதை ஒருமுறை எனேபிள் செய்து சேமியுங்கள். பழைய ஒதுக்கீட்டுப் பட்டியல் அழிந்து புதிதாக எழுதப்படும்.

நிறுவலுக்கு முன்: நினைவகமும் டிஸ்க்கும்

512 எம்பிக்கு மேல் ரேம் போட்டு 98-ஐ நிறுவினால், நிறையவே ரேம் இருந்தும் "போதிய நினைவகம் இல்லை" என்ற செய்தியோடு நின்றுவிடலாம். டிஸ்க் கேஷை நடத்தும் விகேஷ் என்ற டிரைவர், ரேமின் அளவுக்கு ஏற்பத் தன் முகவரி இடத்தைப் பெரிதாக ஒதுக்கிக்கொள்ளும். அந்த இடம் மொத்தமே 1 ஜிபி. அதற்குள்தான் ஏஜிபி அப்பர்ச்சரும் (கிராஃபிக்ஸ் கார்டின் ஏஜிபி ஸ்லாட்டுக்கு ஒதுக்கும் முகவரிப் பகுதி) கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகமும் இடம்பிடிக்க வேண்டும். விகேஷ் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டால் மற்ற டிரைவர்களுக்கு எதுவும் மிஞ்சாது.

நிறுவும்போது 512 எம்பி அல்லது அதற்குக் குறைவாக ரேம் வைத்திருப்பது நேரான வழி. கழற்ற முடியாவிட்டால், விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து, விகேஷ் பிரிவில் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்ற வரிக்கு 262144 கொடுங்கள். எண் கேபியில் உள்ளது, அதாவது 256 எம்பி. 524288 வரை போகலாம் என்றாலும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அது நெருக்கடி. குறைத்து வைத்தால் இழப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் போதவில்லை என்றால் 386என்ஹெச் பிரிவில் மேக்ஸ்ஃபிஸ்பேஜ் என்ற வரிக்கு 20000 கொடுங்கள். இது 16-ஐ அடிமானமாகக் கொண்ட எண். 4 கேபி பக்கங்களாகக் கணக்கிட்டால் சரியாக 512 எம்பி. அதற்கு மேலுள்ள ரேமை விண்டோஸ் தொடாது.

டிஸ்க்கைப் பொறுத்தவரை ஒரு எல்லையை மீறவே கூடாது: 137 ஜிபி. 98-இன் ஐடிஇ டிரைவரான ஈஎஸ்டிஐ_506.பிடிஆர் 28 பிட் முகவரியை மட்டுமே அறியும். 28 பிட்டில் எண்ணக்கூடிய செக்டர்களை 512 பைட்டால் பெருக்கினால் 137,438,953,472 பைட். பெரிய டிஸ்க்கில் இந்த எல்லைக்கு அப்பால் எழுதப்போகும்போது பிழைச்செய்தி வராது. முகவரி சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். எந்த ஃபைல் எங்கே என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை இருப்பதும் அங்கேதான். பயாஸ் பெரிய டிஸ்க்கைச் சரியாகக் காட்டுகிறது என்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது, ஏனெனில் விண்டோஸ் ஏறிய பிறகு டிஸ்க்கோடு பேசுவது பயாஸ் அல்ல. 120 ஜிபி வரையிலான டிஸ்க்கைப் போடுங்கள், கவலையே இல்லை. 98-உடன் வந்த, டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் 64 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கின் அளவைத் தவறாகக் காட்டும். அதற்குத் திருத்தப்பட்ட எஃப்டிஸ்க் வெளிவந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை முதலில் ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து அங்கிருந்தே செட்டப்பை ஓட்டுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ் என்று ஃபோல்டர் வைப்பது வழக்கம். பிறகு ஒவ்வொரு டிரைவர் ஏறும்போதும் சிடி கேட்டு நிற்காது. சிப்செட் (மதர்போர்டின் மையச் சிப்கள்) டிரைவர் ஏறும் வேளையில் சிடி டிரைவே சில நொடிகள் காணாமல் போகும் நிலைமையும் உண்டு. அப்போது இந்த நகல்தான் கைகொடுக்கும்.

கருவிகளைத் தேடும் கட்டத்தில் செட்டப் உறைந்துவிட்டால் ரீசெட் பொத்தானையோ கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று கீகளையோ அழுத்த வேண்டாம். மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, பத்து நொடி கழித்துப் போடுங்கள். டெட்கிராஷ்.லாக் என்ற ஃபைலில் எந்தச் சோதனையில் நின்றது என்று செட்டப் ஏற்கனவே குறித்துவைத்திருக்கும். மறுபடி ஓட்டி "சேஃப் ரெக்கவரி" என்று கொடுத்தால் அந்த ஒரு சோதனையை மட்டும் தாண்டிப் போகும். ரீசெட்டில் சில கார்டுகள் உறைந்த நிலையிலேயே இருந்துவிடும் என்பதால்தான் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது.

ஏற்றும் வரிசை

முதல் பூட்டுக்கு கிராஃபிக்ஸ் கார்டைத் தவிர வேறு எந்தக் கார்டும் ஸ்லாட்டில் இருக்க வேண்டாம். சோம்பலில் எல்லாவற்றையும் செருகிவிட்டுத் தொடங்கினால், பத்துக் கருவிகளை ஒரே நேரத்தில் கண்டுபிடித்து, சிப்செட் இன்னதென்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் ஐஆர்க்யூ ஒதுக்கிவிடும். அந்த முடிச்சை அவிழ்ப்பதைவிடத் திரும்ப நிறுவுவதே விரைவு.

முதலில் சிப்செட். இன்டெல் போர்டுக்கு அதன் ஐஎன்எஃப் (டிரைவரை எப்படி நிறுவுவது என்று சொல்லும் ஃபைல்) அப்டேட். வியா போர்டுக்கு 4இன்1 தொகுப்பு. பிந்தையதில் ஐஆர்க்யூ ரூட்டிங், ஏஜிபி டிரைவர், ஐடிஇ பஸ்மாஸ்டர், ஏசிபிஐ பதிவு என்று நான்கு பகுதிகள் உண்டு. இதை ஏற்றி ரீஸ்டார்ட் செய்யாமல் கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாதீர்கள். ஏஜிபி டிரைவர் இல்லாத இடத்தில் ஏறிய கிராஃபிக்ஸ் டிரைவர் 2டி-யில் ஒழுங்காகத் தெரியும். முப்பரிமாண விளையாட்டு தொடங்கியதும் கணினி உறைந்துவிடும். கார்டு பழுது என்று தவறாக முடிவுகட்டப்படுவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது டைரக்ட்எக்ஸ் (விளையாட்டுகளுக்கான மைக்ரோசாஃப்ட் தொகுப்பு), அதற்குப் பின் கிராஃபிக்ஸ். என்விடியா கார்டுகளுக்கு 98-க்கான கடைசி அதிகாரப்பூர்வப் பதிப்பு 81.98. கடைசிப் பதிப்பு என்பதால் அதுவே சிறந்தது என்று எண்ண வேண்டாம். டிஎன்டி2, ஜிஃபோர்ஸ்2 போன்ற கார்டுகளுக்கு அந்தக் கார்டு கடையில் விற்ற காலத்துக்கு நெருக்கமான பதிப்புதான் வேகமாகவும் உறுதியாகவும் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டை மாற்றப் போகிறீர்கள் என்றால், பழையது செருகியிருக்கும்போதே டிரைவரை "ஸ்டாண்டர்டு பிசிஐ கிராஃபிக்ஸ் அடாப்டர் (விஜிஏ)" என்று மாற்றிவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள்.

பிறகு சவுண்டு, அதற்குப் பின் லேன், கடைசியாக யுஎஸ்பி கருவிகள். ஒவ்வொன்றாகச் செருகி, ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, வேலை செய்வதைப் பார்த்த பிறகே அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் முன் ஸ்கேன்ரெக்டபிள்யூ கட்டளையால் ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கருவியைக் கண்டு டிரைவர் கேட்கும் விஸார்டு திறந்ததும் "நீயே தேடு" என்பதைத் தேர்ந்தெடுக்காமல், பட்டியலைக் காட்டச் சொல்லி "ஹேவ் டிஸ்க்" வழியாக ஃபோல்டரை நீங்களே காட்டுங்கள். தேடவிட்டால், பொதுவான ஒரு டிரைவரைப் பொருத்தமென்று எடுத்துக்கொள்ளும். "இந்த ஃபோல்டரில் உங்கள் கருவிக்கான தகவல் இல்லை" என்று சொன்னால், ஐஎன்எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பிசிஐ (வழக்கமான ஸ்லாட் வகை) கார்டு ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் எண், கருவி எண் என்று நான்கு இலக்கம் கொண்ட இரண்டு எண்கள் உண்டு. 8086 இன்டெல், 1106 வியா, 1039 சிஸ் நிறுவனம், 1002 ஏடிஐ, 5333 எஸ்3, 1102 கிரியேட்டிவ். கார்டின் எண் பூட் ஆகும்போது பயாஸ் காட்டும் பட்டியலில் இருக்கும். அந்த ஜோடி ஐஎன்எஃப்பில் இல்லையென்றால் டிரைவர் வேறு கார்டுக்கானது. கையால் எண்ணைச் சேர்ப்பது ஒரே சிப்பை வேறு பெயரில் விற்ற கார்டுகளுக்கு மட்டுமே பலிக்கும்.

ஒரு டிரைவரை எத்தனை முறை நீக்கினாலும் தானாக மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டால், விண்டோஸ் அதன் ஐஎன்எஃப்பை நகலெடுத்து வைத்திருக்கிறது. மறைந்திருக்கும் ஐஎன்எஃப் ஃபோல்டருக்குள் அதர் என்ற ஃபோல்டரில் தயாரிப்பாளர் பெயரோடு அது இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஐஎன்எஃப் ஃபோல்டரில் உள்ள டிஆர்விஐடிஎக்ஸ்.பின், டிஆர்விடேட்டா.பின் ஆகிய இரண்டையும் அழியுங்கள். இவை அட்டவணை ஃபைல்கள். விண்டோஸ் புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

எல்லாம் ஏறிய பின் டிவைஸ் மேனேஜரில் ஹார்டு டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸில், செட்டிங்ஸ் டேபில் டிஎம்ஏ (செயலியைத் தொடாமல் தரவை நினைவகத்துக்கு மாற்றும் முறை) பெட்டியை டிக் செய்யுங்கள். சிடி டிரைவுக்கும் அப்படியே. ரீஸ்டார்ட்டுக்குப் பின் டிக் தானாக மறைந்திருந்தால், பஸ்மாஸ்டர் டிரைவர் ஏறவில்லை அல்லது கேபிள் சரியில்லை.

மஞ்சள் ஆச்சரியக்குறி வந்தால்

எண்ணைப் படியுங்கள். கோட் 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. கோட் 10 என்றால் ஏறியது, ஆனால் கருவி தொடங்கவில்லை. கோட் 12 என்றால் ஐஆர்க்யூவோ முகவரியோ கிடைக்கவில்லை. "ஐஆர்க்யூ ஹோல்டர் ஃபார் பிசிஐ ஸ்டியரிங்" என்று ஒரே எண்ணில் இரண்டாவது வரி தெரிவது மோதல் அல்ல. அதை அப்படியே விடுங்கள்.

கோட் 12-க்கு ஓர் உதாரணம். ஐஎஸ்ஏ (பிசிஐ-க்கு முந்தைய பழைய ஸ்லாட் வகை) சவுண்டு பிளாஸ்டர் 16 ஒன்றுக்கு ஐஆர்க்யூ 5 வேண்டும். பிசிஐ லேன் கார்டு அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. பிசிஐ கார்டுகள் தங்களுக்குள் ஓர் எண்ணைப் பகிர்ந்துகொள்ளும், ஏனெனில் அவற்றின் சமிக்ஞை நிலையைப் பொறுத்தது. ஐஎஸ்ஏ சமிக்ஞை மாறும் கணத்தைப் பொறுத்தது. இரண்டு கார்டு ஒன்றாக அனுப்பினால் ஒன்று தொலைந்துபோகும். ஆகவே ஐஎஸ்ஏ கார்டுக்கு 5 தனியாக வேண்டும். பயாஸில் பிஎன்பி/பிசிஐ பக்கத்துக்குப் போய், ஒதுக்கீட்டை மேனுவலாக மாற்றி, ஐஆர்க்யூ 5-ஐ "லெகசி ஐஎஸ்ஏ" என்று குறியுங்கள். ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டாவை எனேபிள் செய்து சேமியுங்கள். லேன் கார்டு 10-க்கோ 11-க்கோ நகரும். விண்டோஸில் சவுண்டு கார்டு தானாகவே 5-க்கு வரும். வராவிட்டால் மட்டும் ரிசோர்சஸ் டேபில் "ஆட்டோமேட்டிக் செட்டிங்ஸ்" டிக்கை எடுத்துக் கையால் 5 கொடுங்கள். கையால் கொடுத்ததை விண்டோஸ் பிறகு எதற்காகவும் நகர்த்தாது. அடுத்த கார்டைச் செருகும்போது அதுவே தடையாகும்.

இரண்டு பிசிஐ கார்டுகள் பகிர்ந்துகொண்டு சண்டையிட்டால் மென்பொருளில் நேரத்தைச் செலவிடாதீர்கள், ஸ்லாட்டை மாற்றுங்கள். எந்த ஸ்லாட் எந்தக் கம்பியோடு இணைந்திருக்கிறது என்பது போர்டிலேயே முடிவாகிவிட்டது. ஏஜிபியை ஒட்டிய முதல் ஸ்லாட் பெரும்பாலும் ஏஜிபியோடு பகிரும். சவுண்டு கார்டை அங்கே வைக்காதீர்கள்.

இத்தனையும் செய்து தீரவில்லையென்றால் சேஃப் மோடில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். வழக்கமான பூட்டில் தெரியாத பழைய பதிவுகளெல்லாம் அங்கே தெரியும்: எப்போதோ கழற்றிய கார்டு, ஒரே மானிட்டர் மூன்று முறை. இல்லாத கருவிகளையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பூட்டே ஆகவில்லை என்றால்

பூட் ஆகும்போது கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். "லாக்டு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது நின்ற பிறகு, மறுபடி மெனுவில் "கமாண்டு ப்ராம்ப்ட் ஒன்லி" வழியாகப் போய் சி டிரைவில் பூட்லாக்.டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். "லோடிங்" என்றோ "இனிட்" என்றோ தொடங்கி, அதற்கு இணையான "சக்சஸ்" வரி இல்லாமல் நிற்கும் டிரைவர்தான் குற்றவாளி. "லோட்ஃபெயில்டு" வரிகளைக் கண்டு பதற வேண்டாம். டிசவுண்டு, ஈபயாஸ், என்டிஐஎஸ்2சப், விபவர்டி, விசர்வர், விஷேர் ஆகியவை நன்றாக ஓடும் கணினியிலும் அப்படித்தான் காட்டும்.

குற்றவாளி யாரென்று தெரிந்ததும், அதே ப்ராம்ப்டில் ஸ்கேன்ரெக் /ரீஸ்டோர் என்று கொடுங்கள். வழக்கமாக ஐந்து பேக்கப் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் "ஸ்டார்ட்டட்" என்றோ "நாட் ஸ்டார்ட்டட்" என்றோ எழுதியிருக்கும். ஸ்டார்ட்டட் என்றிருப்பதில் டிரைவர் ஏற்றுவதற்கு முந்தையதை எடுங்கள். ரெஜிஸ்ட்ரி திரும்பும், ஆனால் டிரைவர் ஃபைல்கள் டிஸ்க்கிலேயே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். குறிப்பாக சிஸ்டம் ஃபோல்டருக்குள் விஎம்எம்32 என்ற ஃபோல்டரில் ஏதேனும் விஎக்ஸ்டி புதிதாக விழுந்திருந்தால், ரெஜிஸ்ட்ரி எப்படியிருந்தாலும் விஎம்எம்32.விஎக்ஸ்டி-க்குள் இருக்கும் அசலுக்குப் பதிலாக அதுவே ஏறும். தேதியைப் பார்த்து வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

பூட் ஆகிறது, ஆனால் ஒரு கருவி மட்டும் காணவில்லை என்றால் ரன் பெட்டியில் ஏஎஸ்டி என்று தட்டிப் பாருங்கள். பூட்டின்போது கணினியை உறைய வைத்த கருவியை 98 தானாகவே ஒதுக்கி வைத்திருக்கும். அங்கிருந்து அதை மறுபடி முயற்சிக்கச் சொல்லலாம்.

டாஸ் மோடில் சிடியும் சவுண்டும்

விண்டோஸுக்குள் வேலை செய்யும் டிரைவர் எதுவும் தூய டாஸ் மோடில் இருக்காது. சிடிக்கு 98 பூட் ஃப்ளாப்பியில் உள்ள ஓக்சிடிராம்.சிஸ் போதும். அதை கான்ஃபிக்.சிஸ்-இல் டிவைஸ் வரியாகச் சேர்த்து, /டி: என்பதற்குப் பின் ஒரு பெயர் கொடுங்கள், எம்எஸ்சிடி001 என்று வைப்பது வழக்கம். சிடிக்கு டிரைவ் எழுத்து தரும் எம்எஸ்சிடெக்ஸை ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் வைக்காமல் விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள டாஸ்ஸ்டார்ட்.பேட்டில், அதே பெயரோடு வையுங்கள். "ரீஸ்டார்ட் இன் எம்எஸ்-டாஸ் மோடு" கொடுக்கும்போது மட்டும் இந்த ஃபைல் ஓடும். விண்டோஸுக்குள் அது இடத்தை அடைக்காது. இரு பெயரிலும் ஓர் எழுத்து மாறினாலும் "டிவைஸ் டிரைவர் கிடைக்கவில்லை" என்று வரும். டிஸ்க் கேஷ் நிரலான ஸ்மார்ட்டிரைவ் போடுவதாக இருந்தால் எம்எஸ்சிடெக்ஸுக்குப் பின் போடுங்கள். முன்னால் போட்டால் சிடிக்கு கேஷ் கிடைக்காது.

டாஸ் விளையாட்டுகள் முக்கியம் என்றால் ஐஎஸ்ஏ சவுண்டு கார்டுதான் எங்கள் தேர்வு. பிளாஸ்டர் சுற்றுச்சூழல் மாறியில் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, 8 பிட் டிஎம்ஏ 1, 16 பிட் டிஎம்ஏ 5 என்று கொடுத்துவிட்டால் எந்த விளையாட்டும் கண்டுகொள்ளும். பிசிஐ கார்டில் இதைப் பாவனை செய்யும் ஒரு நிரல் டாஸில் ஏற வேண்டும். ஆடியோபிசிஐ, சவுண்டு பிளாஸ்டர் லைவ் போன்றவற்றின் நிரல்களுக்கு டாஸின் நினைவக மேலாளரான ஈஎம்எம்386 முன்பே ஏறியிருக்க வேண்டும். அதோடு ஒத்துப்போகாத விளையாட்டுகளில் ஒலி வராது. டபிள்யூடிஎம் சவுண்டு டிரைவர் தரும் பாவனை விண்டோஸுக்குள் திறக்கும் டாஸ் சாளரத்தில் மட்டுமே வேலை செய்யும். ஒரே கார்டுக்கு விஎக்ஸ்டி, டபிள்யூடிஎம் இரண்டும் கிடைத்தால் 98-இல் விஎக்ஸ்டியை எடுங்கள்.

யுஎஸ்பி பென் டிரைவ்

98 எஸ்இ-யில் யுஎஸ்பி உண்டு. ஆனால் எந்தப் பென் டிரைவையும் ஏற்கும் பொதுவான டிரைவர் அதில் இல்லை. அது மில்லேனியம் எடிஷனில்தான் வந்தது. எனவே ஒவ்வொரு பென் டிரைவுக்கும் அதன் தயாரிப்பாளர் தந்த 98 டிரைவரை ஏற்ற வேண்டும், அல்லது ஆர்வலர்கள் தொகுத்த என்யூஎஸ்பி போன்ற பொதுத் தொகுப்பைப் போட வேண்டும். பொதுத் தொகுப்பைப் போடுவதற்கு முன், ஏற்கனவே ஏறிய எல்லாப் பென் டிரைவ் டிரைவர்களையும் நீக்கி, டிவைஸ் மேனேஜரில் தெரியும் அறியப்படாத கருவிகளையும் யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையும் அழித்து, யுஎஸ்பி போர்ட்டில் எதுவும் செருகாமல் ரீஸ்டார்ட் செய்துவிட்டு நிறுவுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் பழைய டிரைவரும் புதியதும் ஒரே கருவிக்குப் போட்டியிட்டு, பென் டிரைவைச் செருகிய கணத்தில் நீலத்திரை வரும்.